சிசேரியன் தழும்பில் கரு தங்கினால்: 45-ஆம் நாள் ஸ்கேனிலிருந்து கடைசி பீட்டா வரை

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வந்து உட்காரும் பெண்ணிடம் நான் முதலில் கேட்பது, "முதல் குழந்தை நார்மலாம்மா, சிசேரியனா?" என்பதைத்தான். சிசேரியன் என்றால், கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் கேட்டு, மேஜைமேல் இருக்கும் காலண்டரைப் புரட்டி 45-ஆம் நாள் எது என்று எண்ணி, அந்தத் தேதியைச் சீட்டின் தலைப்பில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு வீட்டில் என்ன விசேஷம் இருந்தாலும் உள் ஸ்கேனுக்கு வந்துவிட வேண்டும். 45 தாண்டி வந்திருந்தால் அப்போதே ஸ்கேன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

நான் பெங்களூரில், அல்சூர் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மகப்பேறு மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம், கே.ஆர்.புரம், சிலர் ஓசூரிலிருந்தும் வருவார்கள். பலருக்கு முதல் பிரசவம் அம்மா வீட்டோடு தமிழ்நாட்டில் முடிந்திருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். கர்நாடகத்தில் 31-க்குமேல், நாடு முழுக்கச் சேர்த்தால் 21-க்குமேல். அதனால் தழும்பு உள்ள வயிறு எனக்குத் தினசரிக் காட்சி. அந்தத் தழும்பிலேயே அடுத்த கரு ஒட்டிக்கொள்வதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கர்ப்பிணிகளுக்காகவும் எழுதுகிறேன், ஸ்கேன் புரோபைக் கையில் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் டாக்டர்களுக்காகவும் எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் மருத்துவ விவரம் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

குழாயில் கர்ப்பம் என்றால் எல்லாருக்கும் தெரியும். இது அதுவல்ல. சிசேரியனில் கர்ப்பப்பையின் கீழ்ப் பாகத்தில், சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் குறுக்கே வெட்டிக் குழந்தையை எடுக்கிறோம். தையல் போட்ட இடம் பெரும்பாலும் நன்றாகச் சேர்ந்துவிடும். சிலருக்கு உள்பக்கம் ஒரு சின்னக் குழி நின்றுவிடுகிறது. அடுத்த கரு மேலே மெத்தென்ற இடத்தில் போய் உட்காராமல் இந்தக் குழியில் வேர் விட்டால், அதுதான் தழும்புக் கர்ப்பம். 1978-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் முதன்முதலில் இதைப் பற்றி எழுதினார்கள். இப்போது சுமார் 2000 கர்ப்பத்துக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கும் வருகிறது, "எனக்கு ஒண்ணுதானே ஆச்சு" என்று விட்டுவிட முடியாது.

ஆபத்து எங்கே என்றால், கர்ப்பப்பையின் மேல் பாகம் முழுக்கத் தசை. கரு வெளியேறியதும் அந்தத் தசை இறுகி, சுருக்குப்பையின் வாயைக் கயிறு இழுத்துக் கட்டுகிற மாதிரி ரத்தக் குழாய்களைக் கட்டிவிடும். தழும்பில் இருப்பதோ நார். அதற்கு இறுகத் தெரியாது. அங்கே வேர் விட்ட கருவைப் பிய்த்தால் குழாய்கள் திறந்தபடியே நிற்கும். கர்ப்பப்பையை இறுக்குவதற்கு நாம் போடும் ஊசியும் அங்கே அவ்வளவாகப் பிடிக்காது. அப்படியே வளரவிட்டாலோ, தழும்பு கிழியலாம், அல்லது நஞ்சுக்கொடி தழும்பைத் துளைத்துக்கொண்டு சிறுநீர்ப்பை வரைக்கும் போகலாம்.

நான் ஒருமுறை இதைத் தவற விட்டிருக்கிறேன். எட்டு வருடம் இருக்கும். 26 வயதுப் பெண், மூத்தது இரண்டரை வயதுப் பையன். ஆறு வாரத்தில் பார்த்தேன், சாக், அதாவது கரு இருக்கும் நீர்ப்பை, கீழே இருந்தது. "சாக் தாழ்வாக உள்ளது, இரண்டு வாரம் கழித்து மறு ஸ்கேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது ஆடி மாதம். அவர் வாணியம்பாடிப் பக்கம் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒன்பதாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் "எல்லாம் நார்மல்" என்று வந்திருக்கிறது, ஏனென்றால் அதற்குள் சாக் மேல்நோக்கி வளர்ந்து கர்ப்பப்பைக்குள் வந்துவிட்டது. வேர் மட்டும் தழும்பில். பதினோராவது வாரம் லேசாக ரத்தம் பட்டதும் ஓர் இடத்தில் கருச்சிதைவு என்று நினைத்து க்ளீனிங் செய்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். நான் அன்றைக்கு எழுதிய அந்த ஒரு வரியில் "தழும்பில் இருக்கிறதா என்று பார்க்கவும்" என்று சேர்த்திருந்தால், இரண்டு வாரம் என்பதற்குப் பதில் இரண்டு நாள் என்று எழுதியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு குழந்தை பிறந்திருக்கும். அன்றிலிருந்து "சாக் தாழ்வாக உள்ளது" என்ற வார்த்தையை நான் முடிவாக எழுதுவதில்லை.

45-ஆம் நாள் கணக்கு

நம் வீடுகளில் பெரியவர்கள் "நாப்பத்தஞ்சு நாள் ஆகட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போகலாம்" என்பார்கள். இந்த விஷயத்தில் அந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணினால் 45-ஆம் நாள் என்பது ஆறு வாரமும் மூன்று நாளும். 42-இலிருந்து 49-க்குள் பார்த்துவிட்டால் தழும்பில் இருக்கும் சாக் தழும்பிலேயே தெரியும். அதற்கு முன்னால் சாக் மிகச் சின்னது. சந்தேகம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்ல வேண்டும், அதற்குமேல் இழுக்கக் கூடாது. எட்டு வாரம் தாண்டினால் நான் மேலே சொன்ன மாதிரி அது மேலே ஏறி நம்மை ஏமாற்றும்.

45 நாள் என்று சொல்லிவிட்டு அமாவாசை கழியட்டும், ஆடி முடியட்டும் என்று தள்ளுவதுதான் பிரச்சினை. மாதம் ஒழுங்காக வராதவர்கள், பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் மாதவிலக்கே வராதவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். யூரின் டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த அந்த வாரமே வந்துவிடுங்கள்.

உள் ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன், என்றதும் பாதிப் பேர் முகம் சுருங்கிவிடும். மாமியார் வெளியிலிருந்து, "மேடம், மேல் ஸ்கேன்ல பாத்தா போதாதா? உள்ள விட்டா கலைஞ்சிடாதா?" என்பார். கலையாது. புரோப் விரல் பருமன்தான், கர்ப்பப்பைக்குள் போவதில்லை, அதன் வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிடும். தழும்புக்கும் புரோபுக்கும் நடுவில் சில சென்டிமீட்டர்தான் என்பதால் மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிகிறது. மேல் ஸ்கேனில் அது முடியாது. ஸ்கேனுக்கு முன்னால் சிறுநீரை முழுக்கப் போக்கிவிட வேண்டாம். கொஞ்சம் இருந்தால் சிறுநீர்ப்பைக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவில் உள்ள கோடு தெளிவாகத் தெரியும்.

படுத்ததும் இதை மட்டும் சொல்லுங்கள்: "டாக்டர், எனக்கு ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருக்கு. கரு தழும்புக்குப் பக்கத்துல இருக்கான்னு பாத்து ரிப்போர்ட்ல எழுதுங்க." இப்படிக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஸ்கேன் பார்க்கும் டாக்டருக்கு இது உதவி. ரிப்போர்ட்டில் "சிங்கிள் லைவ் இன்ட்ராயூட்டரைன் ஜெஸ்டேஷன்" (கர்ப்பப்பைக்குள் உயிருள்ள ஒரு கரு) என்று இருந்தாலே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தழும்பும் கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, தழும்பில் ஒட்டிய கருவுக்கும் அதே வரி வந்துவிடும். "லோ லையிங்", "லோயர் யூட்டரைன் செக்மென்ட்", "நியர் இன்டர்னல் ஆஸ்" இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

இன்னும் ஒன்று. கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. தழும்பில் உள்ள கருவுக்கும் பீட்டா அழகாக இரட்டிப்பாகும். துடிப்பும் வரும். வலி இல்லாமல் லேசாக ரத்தம் படுவதுதான் பலருக்கு அறிகுறி. எந்த அறிகுறியுமே இல்லாமல் இருப்பவர்களும் நிறைய.

திரையில் நான் பார்ப்பது

சமீபத்தில் வந்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். 31 வயது, ஒரு சிசேரியன், ஆறு வாரம் நாலு நாள். புரோபை வைத்ததும் கர்ப்பப்பையை நீளவாக்கில், தலையிலிருந்து வாய் வரை ஒரே படத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். இது முக்கியம். சாக்கைத் தேடிப் போய் அதையே பெரிதாக்கிப் பார்த்தால், அது வீட்டின் எந்த அறையில் இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். முதலில் முழு வீடு.

அப்படி நிறுத்திவிட்டு, உச்சியிலிருந்து கர்ப்பப்பை வாயின் வெளி விளிம்பு வரை மனதில் ஒரு கோடு போட்டு, அதன் நடுவைக் குறித்துக்கொள்வேன். ஐந்திலிருந்து பத்து வாரத்துக்குள், சாக்கின் மையம் அந்த நடுவுக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்காமல் விடக்கூடாது. இவருக்குக் கீழே இருந்தது. மேலே கர்ப்பப்பையின் குழி காலி, வெறும் வெள்ளைக் கோடு. கீழே வாய்ப் பாதையும் காலி. இரண்டுக்கும் நடுவில், முன்சுவரில், தழும்பு இருக்க வேண்டிய அதே இடத்தில் அரைநெல்லிக்காய் அளவில் கறுப்பாக ஒரு சாக். வட்டமாக இல்லை, குழியின் வடிவத்துக்கு முக்கோணமாக அமுங்கியிருந்தது. உள்ளே ஓர் அரிசி மணி நீளத்துக்குக் கரு, அதில் துடிப்பு. சாக்குக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் இருந்த தசையை அளந்தேன், 2 மில்லிமீட்டர். தழும்புக் கர்ப்பத்தில் அது 1-இலிருந்து 3 வரைக்கும் இருக்கும், சில சமயம் ஒன்றுமே இருக்காது.

அப்புறம் புரோபால் மெதுவாக ஓர் அழுத்து. கலைந்து வெளியே வந்துகொண்டிருக்கும் கரு என்றால் அழுத்தும்போது சாக் வழுக்கி நகரும். இது நகரவில்லை. கடைசியாகக் கலர் டாப்ளர், வேர்ப் பக்கமாக மட்டும், சில நொடிகள். தழும்பைச் சுற்றி ரத்த ஓட்டம் பளிச்சென்று எரிந்தது. கலைந்து இறங்கும் கருவைச் சுற்றி இப்படி இருக்காது. கர்ப்பப்பை வாயில் தங்கும் கர்ப்பம் என்று இன்னொன்றும் உண்டு. அதில் சாக் உள்வாய்க்குக் கீழே இருக்கும், வாய்ப்பகுதி பீப்பாய் மாதிரி உப்பியிருக்கும்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் இரண்டு விதம் உண்டு, 2000-ஆம் ஆண்டிலிருந்தே அப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள். ஒன்று தழும்பில் ஒட்டிக்கொண்டு கர்ப்பப்பையின் உள்பக்கமாக வளரும். மற்றது குழிக்குள் ஆழமாகப் புதைந்து சிறுநீர்ப்பைப் பக்கமாக வளரும். எது என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள், மீதியுள்ள தசையின் தடிமனையும் எழுதுங்கள். வைத்தியம் அதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. சந்தேகம் இருந்தால் அனுபவம் உள்ள இன்னொருவரை அன்றைக்கே அழைத்துக் காட்டுங்கள். எம்ஆர்ஐ சில பேருக்கு உதவும், ஆனால் அதற்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கண்டுபிடித்த அன்றைக்கு

திரையில் துடிப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "பாப்பா நல்லா இருக்கா மேடம்?" என்று கேட்டார். இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமான நிமிஷம் அதுதான். புரோபை எடுத்து, அவரை எழுந்து உட்காரச் சொல்லி, துணியைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்து, கணவரையும் உள்ளே கூப்பிட்டபிறகுதான் பேசினேன். படுத்திருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லக்கூடாது. "கருவுல தப்பில்லம்மா. அது உட்கார்ந்த இடம் தப்பு. அந்த இடத்தால அதைத் தாங்க முடியாது. நீங்க எதுவும் தப்பு பண்ணல, மாடி ஏறினதாலயோ பையனைத் தூக்கினதாலயோ இது வரல" என்றேன். அழட்டும் என்று சும்மா இருந்தேன். பிறகு ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து காட்டினேன். வரைந்து காட்டினால்தான் புரிகிறது.

அன்றைக்குச் செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஸ்கேனே பார்க்காமல் அந்த மாத்திரையைப் போட்டு, பாத்ரூமில் மயங்கி விழுந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கருவைக் கலைக்கவேண்டும் என்றே முடிவு செய்திருந்தாலும், சிசேரியன் ஆனவர்கள் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மாத்திரை. "ரெண்டு நிமிஷ க்ளீனிங், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சுரண்டும் டி அண்ட் சி தழும்புக் கர்ப்பத்துக்கு ஆகாது. அம்மா வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்கிறேன் என்று ராத்திரி பஸ் ஏறாதீர்கள். கிருஷ்ணகிரி தாண்டி நடுவழியில் ரத்தம் போனால் யார் என்ன செய்ய முடியும்? அம்மாவை இங்கே வரவழையுங்கள்.

செய்ய வேண்டியது: ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, ஸ்கேன், தேவைப்பட்டால் ஐசியூ எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு அன்றைக்கோ மறுநாளோ போய்ச் சேருவது. என் நர்சிங் ஹோமில் ரத்த வங்கி இல்லை, அதனால் இதை நான் இங்கே செய்வதில்லை. பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, முடிந்தால் கூடவே போகிறேன். பணத்துக்கு என்ன செய்வது என்று தயங்குகிறவர்களுக்கு, கே.ஆர்.மார்க்கெட் பக்கத்தில் வாணி விலாஸ் அரசு மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, அடிவயிறு தாங்கமுடியாமல் வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் காபி, தண்ணீர் எதுவும் குடிக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். பழைய சிசேரியன் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரத்த குரூப் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் குரூப் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி ஊசி போட வேண்டும். பரபரப்பில் இது மறந்துபோகிறது, நீங்களே நினைவூட்டுங்கள்.

கையெழுத்து விஷயத்திலும் சிலர் தடுமாறுகிறார்கள். 1971-இன் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் வெளியூரில் இருக்கிறார், மாமனார் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

என்னென்ன வழி

அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல் துடிப்புள்ள தழும்புக் கர்ப்பத்தை வெறுமனே வளரவிட்டுப் பார்ப்பதை ஏற்பதில்லை. கையிலோ இடுப்பிலோ போடும், கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியை மட்டும் நம்பி இருப்பதையும் ஏற்பதில்லை. என் அனுபவமும் அதுதான். அந்த ஊசி குழாய்க் கர்ப்பத்துக்குப் பல சமயம் போதும். தழும்பைச் சுற்றி இருப்பது நார் என்பதால் மருந்து மெதுவாகத்தான் போய்ச் சேருகிறது, அதற்குள் வாரங்கள் ஓடிவிடும், நடுவில் ரத்தம் போகலாம்.

எட்டு வாரத்துக்குள், உள்பக்கமாக வளரும் வகை, சிறுநீர்ப்பைப் பக்கம் ஓரளவு தசை மிச்சம் இருக்கிறது என்றால், நான் முதலில் யோசிப்பது ஸ்கேன் பார்த்தபடியே உறிஞ்சி எடுப்பதை. ஒருவர் வயிற்றின்மேல் புரோபை வைத்துக் காட்ட, இன்னொருவர் மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் சாக்கை உறிஞ்சுவார். கூர்மையான கியூரெட்டால் தழும்பைச் சுரண்டவே கூடாது. ரத்தம் கசிந்தால் ஃபோலி கதீட்டரை (சிறுநீர் போகப் போடும் பலூன் வைத்த குழாய்) உள்ளே விட்டு அதன் பலூனில் 20–30 மில்லி நிரப்பி, தழும்பை உள்ளிருந்து அழுத்தி வைத்து மறுநாள் எடுப்போம். நான் சொன்ன அந்த 31 வயதுப் பெண்ணுக்கு இதைத்தான் செய்தார்கள். இரண்டு யூனிட் ரத்தம் பொருத்திப் பார்த்துத் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

சிறுநீர்ப்பைப் பக்கம் புதைந்த வகைக்கு லேப்ராஸ்கோப்பி நல்லது. சிறுநீர்ப்பையைக் கீழே விலக்கி, தழும்போடு கருவை வெட்டியெடுத்து, ஆரோக்கியமான தசையோடு தசையைச் சேர்த்துத் தைப்பார்கள். கரு போவதோடு குழியும் அடைபடுகிறது, அதனால் இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதை நான் கொஞ்சம் சாய்ந்தே சொல்வேன். ஆனால் இதில் கை பழகிய சர்ஜன் வேண்டும். "இந்த மாதிரி எத்தனை செஞ்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊசி மூலம் சாக்குக்குள்ளேயே மெத்தோட்ரெக்ஸேட் செலுத்துவது இன்னொரு வழி. இரட்டை பலூன் வைத்து அழுத்துவதும் உண்டு. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாயைத் தொடை வழியாகப் போய் அடைப்பது, ரத்தப்போக்குக்குப் பயந்து துணையாகச் செய்வது. மறுபடி குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். எந்த வழியிலும் ரத்தம் கட்டுக்கு அடங்காவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க நேரலாம் என்பதைச் சம்மதப் படிவத்திலும் எழுதி, வாயாலும் சொல்லிவிடுவேன். துடிப்பு தானாகவே நின்றுபோயிருந்தால், பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பில் சிலருக்குக் காத்திருந்து பார்க்கலாம். வீட்டில் இருந்துகொண்டு அல்ல.

மெத்தோட்ரெக்ஸேட் எந்த வழியில் போட்டாலும் முன்னால் ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் மூன்றுக்கும் டெஸ்ட் வேண்டும். கர்ப்பம் என்றதும் எல்லாரும் ஆரம்பித்திருக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும், அது இந்த மருந்துக்கு எதிரி. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். புருஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். மூத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், இந்த மருந்தோடு பால் கொடுக்கக் கூடாது.

"எப்படியாவது இந்தக் குழந்தையைக் காப்பாத்த முடியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பல வருடம் காத்திருந்து வந்த கர்ப்பமாக இருக்கும். அவர்களைத் திட்டி அனுப்பக் கூடாது. உண்மையைச் சொல்ல வேண்டும்: தொடர்ந்து உயிரோடு குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஆனால் நஞ்சுக்கொடி தழும்பில் ஆழமாகப் பதிந்து, பிரசவத்தோடு கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டி வருவது அதிகம். நடுவில் கர்ப்பப்பை கிழிந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. இதெல்லாம் கேட்டபிறகும் தொடர்வதாக முடிவு செய்தால், அன்றிலிருந்தே எல்லா வசதியும் உள்ள ஒரே மருத்துவமனையில் பதிந்துகொண்டு, அடிக்கடி ஸ்கேன் பார்த்து, 34–35 வாரத்தில் திட்டமிட்டு சிசேரியன் செய்ய வேண்டும். ஊருக்குப் பிரசவத்துக்குப் போவது என்ற பேச்சே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

வாரம் ஒருமுறை பீட்டா. அது 5-க்குக் கீழே வரும்வரை விடக் கூடாது. உறிஞ்சி எடுத்தவர்களுக்கு வேகமாக இறங்கும், ஊசி போட்டவர்களுக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம். ஊசி போட்ட புதிதில் பீட்டா கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம். தழும்பில் ஒரு கட்டி மாதிரி ஸ்கேனில் தெரிந்துகொண்டே இருக்கும், மெதுவாகத்தான் கரையும். அதைப் பார்த்துவிட்டு "மிச்சம் இருக்கு, க்ளீன் பண்ணணும்" என்று வேறெங்காவது சொன்னால், செய்வதற்கு முன்னால் முதலில் வைத்தியம் பார்த்த டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். லேசான ரத்தப்போக்கு சில வாரம் இருக்கும். திடீரென்று கட்டிகட்டியாகப் போனால் மறுபடி மருத்துவமனை.

நான் பார்த்தவரை, உடம்பு தேறுவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் அடுத்த குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் போட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதம் கர்ப்பம் கூடவே கூடாது. பொதுவாகவே ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறேன். அதுவரை என்ன கருத்தடை என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இடையில் ஒருமுறை உள் ஸ்கேன் பார்த்துத் தழும்பு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இது மறுபடியும் வரக்கூடியது. ஆனால் அடுத்தது மேலே நல்ல இடத்தில் தங்கி, நல்லபடியாகப் பிறந்த குழந்தைகளையும் நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

கடைசியாக ஓர் அட்டை. டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் போய்விடும், அவசரத்துக்குக் கிடைக்காது. அதனால் பர்ஸில் வைத்துக்கொள்கிற அளவில் ஓர் அட்டையில், ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறேன். எந்த வருடம் சிசேரியன், எந்த வருடம் தழும்பில் கரு, என்ன வைத்தியம் நடந்தது, ரத்த குரூப் என்ன. இத்தனைக்கும் கீழே சிவப்புப் பேனாவில்: "அடுத்த கர்ப்பத்தில் 45 வரை காத்திருக்காமல் 42-ஆம் நாளே உள் ஸ்கேன். அதுவரை மாத்திரை இல்லை, க்ளீனிங் இல்லை." தமிழ்ப் பக்கம் அவருக்கும் அவர் அம்மாவுக்கும். ஆங்கிலப் பக்கம், எந்த ஊரிலோ ராத்திரி ட்யூட்டியில் அவரைப் பார்க்கப்போகிற டாக்டருக்கு.